கரண்ட் என்றால் ஓடுவது

“மக்ளே, கரண்டு வந்தாச்சா?” என்று அடுக்களையிலிருந்து ஒரு குரல். வங்கியில் கணக்குத் தொடங்கப் போனால், “கரண்ட் அக்கவுண்டா, சேவிங்ஸா?” என்கிறார்கள். நாகர்கோவில் ஜங்ஷனுக்குக் கடைசி நேரத்தில் ஓடிப் போனால், “கரண்ட் புக்கிங்ல இருக்கான்னு கேளுங்க” என்று பதில் வருகிறது. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையின் மேசையில் கரண்ட் அஃபயர்ஸ் புத்தகம். கடலில் குளிக்க இறங்கும் வெளியூர்க்காரரைப் பார்த்து, “அங்க கரண்ட் இழுக்கும், போகாதீங்க” என்று கரையில் நிற்பவர் கத்துகிறார்.

ஐந்து இடத்திலும் ஒரே ஆங்கிலச் சொல்தான். அதில் ஒரு பொருளை மட்டும் எடுத்து நாம் வீட்டுச் சொல்லாக்கிக்கொண்டோம்: கரண்ட் என்றால் மின்சாரம். எடுக்கும்போதே ஒரு வழுக்கல் நடந்துவிட்டது. ஆங்கிலத்தில் ஓட்டத்தைக் குறிக்கும் சொல், நம் வாயில் ஒரு சரக்கின் பெயராகிவிட்டது. மண்ணெண்ணெய் போல வருகிறது, தீர்கிறது, சேர்த்து வைக்கலாம் என்று நினைக்கிறோம். “கரண்ட் கொறஞ்சு வருது”, “கரண்ட் பில் கட்டணும்”, “பேட்டரில கரண்ட் இல்ல” என்கிறோம். இந்த மூன்று வாக்கியத்திலும் கரண்ட் என்ற சொல் மூன்று வெவ்வேறு விஷயங்களைச் சொல்கிறது. வேடிக்கை என்னவென்றால், அவற்றில் ஒன்றுகூடக் கரண்ட் இல்லை. திண்ணைப் பேச்சுக்கு இது போதும். ஹீட்டர் வாங்கும்போதும் மோட்டார் புகையும்போதும் போதாது.

ஓட்டத்தில் பிறந்த சொல்

லத்தீனில் ‘குர்ரெரே’ என்றால் ஓடுதல். அது பழைய பிரெஞ்சு வழியாக, சுமார் 700 ஆண்டுகளுக்கு முன் ஆங்கிலத்துக்கு வந்தது. முதலில் ‘ஓடுகிற’, ‘பாய்கிற’ என்ற பொருள். பிறகு ஓடும் நீருக்கே பெயர். ஆற்று ஓட்டமும் கடல் ஓட்டமும்தான் அதன் பழைய வீடு. மின்சாரம் அந்த வீட்டுக்கு வெகு காலம் கழித்து, 18ஆம் நூற்றாண்டின் நடுவில் வந்த விருந்தாளி.

இதே வேரில் பிறந்த சொற்களில் பாதியை நாம் தினமும் சொல்கிறோம். கடிதத்தோடு ஓடுகிறவர் கூரியர். கம்ப்யூட்டர் திரையில் ஓடுவது கர்சர். ஓடி முடிக்க வேண்டிய பாதை கோர்ஸ். கல்லூரிக் கோர்ஸும் அதுவே. வீட்டுக்குள் நீளமாக ஓடும் நடை, காரிடார். பாடத்திட்டத்தைக் குறிக்கும் கரிக்குலமும் இந்தக் குடும்பம்தான். கூடவே ஓடுவது கன்கரண்ட். நம் அரசியல் சட்டத்தில் மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலுக்கு ஆங்கிலத்தில் கன்கரண்ட் லிஸ்ட் என்று பெயர்; மின்சாரம் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. கரண்ட், கன்கரண்டில் போய் உட்கார்ந்தது தற்செயல்.

பணத்தைக் குறிக்கும் கரன்சியும் இதன் உடன்பிறப்பு. கைக்குக் கை ஓடுவதால் அந்தப் பெயர். இதைத் தமிழனுக்கு விளக்க வேண்டியதில்லை. நாம் நோட்டைப் பார்த்து, “இது செல்லுமா?” என்றுதான் கேட்கிறோம். 2016 நவம்பர் 8 இரவில் 500 ரூபாய், 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போயின. அங்கே ‘ஓடுவது’ பணம். இங்கே ‘செல்வது’ பணம்.

‘இப்போதைய’ என்ற பொருளும் அந்த ஓட்டத்திலிருந்தே வந்தது. ஓடிக்கொண்டிருக்கும் மாதம், ஓடிக்கொண்டிருக்கும் ஆண்டு என்று தொடங்கி, ‘நிகழும்’ என்ற பொருளில் நிலைத்தது. “பயலுக்கு இப்ப பன்னெண்டு வயசு ஓடுது” என்று நாம் சொல்கிறோமே, அதே ஓட்டம். எழுத்துத் தமிழில் கொஞ்சம் வேகம் குறைத்து நடக்க விட்டோம்: நடப்பு ஆண்டு, நடப்பு நிகழ்வுகள், நடப்புக் கணக்கு.

ஆக, நீரோ மின்சாரமோ பணமோ காலமோ, இந்தச் சொல் எங்கே நின்றாலும் அடியில் ஓட்டம் இருக்கிறது.

கோதையாற்றுத் தண்ணீரும் சானலும்

மின்சாரத்துக்கு வருவோம். குமரி மாவட்டத்தில் இருப்பவருக்கு இதை விளக்க வசதியாக மலையிலேயே ஒரு ஏற்பாடு இருக்கிறது. கோதையாற்றில் உயரத்தில் தேக்கிய தண்ணீரைக் குழாய் வழியாகக் கீழே இறக்கி டர்பைனைச் சுழற்றுகிறார்கள். முதல் மின்நிலையத்தின் திறன் 60 மெகாவாட், இரண்டாவதன் திறன் 40. வேலையை முடித்த அதே தண்ணீர் பேச்சிப்பாறை அணைக்கு வருகிறது. திருவிதாங்கூர் காலத்தில், 1906இல் கட்டி முடித்த அணை. அங்கிருந்து சானல் என்ற கால்வாய் வழியாக வயலுக்குப் போகிறது. ஒரே தண்ணீர் மேலே கம்பியில் ஒரு கரண்ட்டையும் கீழே சானலில் இன்னொரு கரண்ட்டையும் ஓட விடுகிறது.

சானலில் தண்ணீர் திறக்கும்போது செய்தியில் எப்படிச் சொல்கிறார்கள்? ‘விநாடிக்கு இத்தனை கன அடி’. ஒரு கன அடி என்பது சுமார் 28 லிட்டர். கவனிக்க வேண்டியது ‘விநாடிக்கு’ என்ற சொல். அணையில் எவ்வளவு இருக்கிறது என்பது வேறு கணக்கு. மதகின் வழியாக ஒரு விநாடியில் எவ்வளவு கடக்கிறது என்பது ஓட்டத்தின் கணக்கு. மின்சாரத்தில் கரண்ட் என்பது இந்த இரண்டாவது கணக்கு. கம்பியின் ஒரு புள்ளியை ஒரு விநாடியில் எவ்வளவு மின்னேற்றம் கடக்கிறது என்பதே மின்னோட்டம். அதன் அளவு ஆம்பியர். பிரெஞ்சு அறிவியலாளர் ஆந்த்ரே மரி ஆம்பியரின் (1775–1836) பெயர். ஒரு ஆம்பியர் என்றால், 6 எழுதிப் பின்னால் 18 பூஜ்யம் போட்டால் வரும் எண்ணிக்கையைவிடக் கொஞ்சம் கூடுதலான எலக்ட்ரான்கள் ஒவ்வொரு விநாடியும் அந்த இடத்தைக் கடக்கின்றன.

தண்ணீர் ஏன் ஓடுகிறது? மேலிடம், கீழிடம் என்று உயர வித்தியாசம் இருப்பதால். மின்சாரத்தில் அந்த உயர வித்தியாசத்துக்கு வோல்டேஜ் என்று பெயர், பாடப்புத்தகத்தில் மின்னழுத்தம். நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட்.

ஓடும் வழியில் தடங்கல் இருக்கும். சானலில் ஆகாயத்தாமரை அடைத்தால் ஓட்டம் குறையும்; குழாய் ஒல்லியானாலும் குறையும். மின்சாரத்தில் இதற்கு மின்தடை என்று பெயர், அளவு ஓம். உயர வித்தியாசம் அதே அளவில் இருக்க, தடையைப் பாதியாக்கினால் ஓட்டம் இரட்டிக்கும். வோல்டேஜைத் தடையால் வகுத்தால் கரண்ட். இதைவிடப் பெரிய சூத்திரம் இந்தக் கட்டுரையில் வராது.

சானல் உவமைக்கு ஒரு எல்லையும் உண்டு. சானல் உடைந்தால் தண்ணீர் வெளியே கொட்டும். கம்பி அறுந்தால் மின்சாரம் கொட்டாது, நின்றுவிடும். மின்னோட்டத்துக்குப் போக ஒரு வழியும் திரும்ப ஒரு வழியும் சேர்ந்து முழு வட்டமாக இருக்க வேண்டும். போகும் வழி பேஸ், திரும்பும் வழி நியூட்ரல். வட்டம் எங்காவது பிரிந்தால் எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் ஓட்டம் நிற்கும். சுவிட்ச் செய்வது அதைத்தான்.

இதுவரை சொன்னது: வோல்டேஜ் உயர வித்தியாசம், மின்தடை தடங்கல், கரண்ட் ஓட்டம். ஓட்டம் தானாக இருப்பதில்லை. உயரமும் வழியும் சேரும்போது உண்டாகிறது.

“கரண்ட் வந்தாச்சு” என்றால் என்ன வந்தது?

லைன்மேன் போஸ்டில் ஏறி ஃப்யூஸ் போட்டுவிட்டு இறங்குகிறார். “கரண்ட் வந்தாச்சு” என்கிறோம். வீட்டில் எல்லா சுவிட்சும் அணைந்திருக்கிறது. அந்த நிமிடம் வீட்டுக்குள் வந்திருப்பது வோல்டேஜ் மட்டும், கரண்ட் பூஜ்யம். மதகுவரை தண்ணீர் வந்து முட்டி நிற்கிறது, மதகு திறக்கவில்லை. பேன் சுவிட்சைப் போட்டதும்தான் கரண்ட் ஓடுகிறது, அதுவும் பேன் கேட்கும் அளவுக்கு மட்டும்.

எவ்வளவு கேட்கும்? பொருளின் மேல் எழுதியிருக்கும் வாட்டை 230ஆல் வகுத்தால் ஏறக்குறைய ஆம்பியர் வந்துவிடும். 9 வாட் எல்.இ.டி. பல்பு 0.04 ஆம்பியர். 75 வாட் சீலிங் பேன் 0.3 சொச்சம். 750 வாட் மிக்ஸி 3.3. ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டி 4.3. 2000 வாட் கீசர் 8.7 ஆம்பியர். அந்த ஒரு கீசர் இழுப்பது இருநூறுக்கும் மேற்பட்ட எல்.இ.டி. பல்புகள் சேர்ந்து இழுப்பதற்குச் சமம்.

சுவரில் இருக்கும் சின்ன பிளக் பாயிண்ட் 6 ஆம்பியருக்கானது. பெரியது 16 ஆம்பியர். 8.7 ஆம்பியர் கேட்கும் கீசரைக் கன்வெர்ட்டர் பிளக் போட்டுச் சின்னதில் சொருகினால் உடனே ஒன்றும் ஆகாது. தண்ணீர் சுடும், எல்லாம் நல்லபடி நடப்பதாகத் தோன்றும். உள்ளே வேறு நடக்கிறது. கம்பியில் உண்டாகும் சூடு கரண்ட்டோடு நேராகக் கூடுவதில்லை. கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு, மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. அதிலும் பிளக்கின் பித்தளைக் காலும் சாக்கெட்டும் தொடும் இடத்தில் பிடிப்பு தளர்ந்திருந்தால் அங்கே தடை அதிகம், சூடும் அங்கேதான் சேரும். சில நாளில் சாக்கெட்டின் ஓரம் காப்பி நிறமாகும். பிளாஸ்டிக் கருகும் வாடை வரும். பிளக்கைப் பிடுங்கித் தொட்டுப் பார்த்தால் சுடும். இந்த மூன்றில் ஒன்றைக் கண்டாலும் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும்.

வீட்டு ஒயரிங்கில் லைட்டுக்கும் பேனுக்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, 16 ஆம்பியர் பாயிண்டுக்கு 2.5, ஏ.சி.க்கு 4 என்று போடுவது வழக்கம். கனமான கம்பிக்குத் தடை குறைவு. அதே கரண்ட்டுக்குச் சூடும் குறைவு. கரண்ட் அளவு மீறினால் தானே அணையும் எம்.சி.பி. என்ற சுவிட்ச் காவல் நிற்பது இந்தக் கம்பிக்கு. அடிக்கடி டிரிப் ஆகிறது என்று 16 ஆம்பியர் எம்.சி.பி.யைக் கழற்றி 32 போடுகிறவர்கள் உண்டு. காவல்காரனைத் தூங்க வைத்த கதைதான். டிரிப் ஆவது நிற்கும். 2.5 கம்பி சுவருக்குள் வேகத் தொடங்கும், அதை யாரும் பார்க்க முடியாது.

“கரண்ட் கொறஞ்சு வருது” என்பதற்கும் இங்கேயே பதில். குறைந்து வருவது வோல்டேஜ். 230க்குப் பதில் 170, 180 வந்தால் குண்டு பல்பு மங்கும், பேன் மெல்லச் சுற்றும். அவற்றில் கரண்ட்டும் குறைகிறது. பம்ப் செட் மோட்டாரில் தலைகீழாக நடக்கும். அது தூக்க வேண்டிய தண்ணீரின் பாரம் குறையவில்லை. கிடைக்கும் வோல்டேஜ் குறைந்ததால், பாரத்தைச் சமாளிக்க மோட்டார் அதிகக் கரண்ட்டை இழுக்கும். ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது 6, 7 ஆம்பியர் எடுக்கும். கிளம்பும் நொடியில் அதைப்போல் ஐந்தாறு மடங்கு. வோல்டேஜ் போதாமல் கிளம்ப முடியாமல் ‘ம்ம்ம்’ என்று முனகிக்கொண்டு நின்றால், அந்த ஐந்தாறு மடங்கு கரண்ட் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச்சுருள் கருக அதிக நேரம் ஆகாது. “கரண்ட் இல்லாம மோட்டார் எரிஞ்சு போச்சு” என்று சொல்கிறோமே, அது வோல்டேஜ் இல்லாமல், கரண்ட் அதிகமாகி எரிந்தது. சொல் மாறினால் வைத்தியமும் மாறுகிறது. முனகும் மோட்டாரை உடனே அணைக்க வேண்டும். ‘கொஞ்ச நேரத்தில் பிடித்துக்கொள்ளும்’ என்று காத்திருக்கக் கூடாது.

கரண்ட் பில் எதற்கான பில்?

மீட்டரில் ஓடுவது யூனிட். ஆயிரம் வாட் பொருள் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். வாட் என்பது வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வருவது. அதை நேரத்தால் பெருக்கினால் ஆற்றல். நாம் காசு கட்டுவது அந்த ஆற்றலுக்கு. 75 வாட் பேன் ஒரு நாளில் 10 மணி நேரம் ஓடினால் முக்கால் யூனிட். இரண்டு மாதத்துக்கு 45. 2000 வாட் கீசர் தினமும் அரை மணி நேரம் என்றால் நாளுக்கு ஒரு யூனிட், இரண்டு மாதத்துக்கு 60. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பதால், இப்படி இரண்டு மாதக் கணக்கு போட்டுப் பார்ப்பதே வசதி.

கரண்ட் என்ற எலக்ட்ரான் ஓட்டத்தை நாம் விலைக்கு வாங்குவதே இல்லை. பேஸ் வழியாக எவ்வளவு வருகிறதோ, அவ்வளவும் நியூட்ரல் வழியாகத் திரும்பிப் போய்விடுகிறது. ரைஸ் மில்லில் பெல்ட்டை யாரும் வாங்கிக்கொண்டு வருவதில்லை. பெல்ட் கொண்டுவரும் வேலைக்குத்தான் கூலி.

பேட்டரியின் கதையும் இதுதான். அதில் சேர்த்து வைத்திருப்பது வேதியியல் ஆற்றல். இன்வெர்ட்டர் பேட்டரியில் 150 ஏ.ஹெச். என்று எழுதியிருப்பது, எத்தனை ஆம்பியர் எத்தனை மணி நேரம் என்ற பெருக்கல். சும்மா இருக்கும் பேட்டரியில் கரண்ட் இல்லை. தீர்ந்துபோன பேட்டரியிலும் இல்லை.

எலக்ட்ரான் எவ்வளவு வேகமாக ஓடுகிறது?

மின்னல் வேகம் என்று நினைப்போம். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் ஒரே திசையில் 5 ஆம்பியர் ஓடினால், எலக்ட்ரான்கள் சராசரியாக ஒரு மணி நேரத்தில் ஒரு மீட்டர்கூட நகர்வதில்லை. நத்தை தாண்டிப் போய்விடும். பிறகு சுவிட்சைத் தட்டியதும் பல்பு எப்படி எரிகிறது? குழாய் நிறைய நெல்லிக்காயை அடைத்து, இந்தப் பக்கம் ஒன்றைத் தள்ளினால் அந்தப் பக்கம் ஒன்று உடனே விழும். தள்ளிய காயே அங்கே போய்ச் சேர வேண்டியதில்லை. கம்பி முழுக்க எலக்ட்ரான் முன்பே இருக்கிறது. தள்ளல்தான் ஒளியின் வேகத்துக்குப் பக்கத்தில் ஓடுகிறது.

நம் வீட்டு மின்சாரத்தில் இன்னும் விசேஷம். அது ஏ.சி., அதாவது திசை மாறி மாறி ஓடும் மின்னோட்டம். விநாடிக்கு 50 சுற்று. ஒரு சுற்றில் முன்னே ஒருமுறை, பின்னே ஒருமுறை. ஆக விநாடிக்கு 100 தடவை திசை மாறுகிறது. எலக்ட்ரான் எங்கேயும் போவதில்லை. தலைமுடியின் தடிமனைவிடக் குறைந்த தூரத்தில் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு நிற்கிறது. கோதையாற்றிலிருந்தோ முப்பந்தல் காற்றாலையிலிருந்தோ ஒரு எலக்ட்ரான் கிளம்பி நம் வீட்டுக்கு வருகிறது என்ற படத்தை அழித்துவிடலாம்.

இவ்வளவு மெதுவான ஒன்றுக்கு ஏன் ஓட்டம் என்று பெயர் வைத்தார்கள்? 18ஆம் நூற்றாண்டில் மின்சாரத்தைக் கண்ணுக்குத் தெரியாத ஒரு திரவம் என்றே நினைத்தார்கள். திரவம் என்றால் ஓடும்; ஓடுவதற்கு ஆங்கிலத்தில் சொல் தயாராக இருந்தது. அமெரிக்கரான பெஞ்சமின் பிராங்க்ளின் அந்தத் திரவம் கூடுதலாக இருக்கும் பக்கம் பிளஸ், குறைவாக இருக்கும் பக்கம் மைனஸ் என்று குறித்தார். பிளஸ்ஸிலிருந்து மைனஸுக்கு ஓடுகிறது என்பது வழக்கமாயிற்று. 1897இல் ஜே.ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டபோது அது மைனஸ் மின்னேற்றம் கொண்டது என்று தெரிந்தது. கம்பியில் உண்மையில் ஓடுவது எதிர்த் திசையில். அதற்குள் எல்லாப் புத்தகமும் அச்சாகிவிட்டது. அம்புக்குறியை யாரும் மாற்றவில்லை. பத்தாம் வகுப்பு மாணவர் இன்றும் அந்தப் பழைய திசையில்தான் அம்பு போடுகிறார். கணக்குக்கு அதனால் கேடில்லை. கரண்ட்டின் குறியீடாக ‘ஐ’ வந்ததற்கும் காரணம் உண்டு: ஓட்டத்தின் செறிவைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் முதல் எழுத்து அது.

கடலில் ஓடும் கரண்ட்

சொல்லின் பழைய வீடு கடல் என்றேன். நம் கடற்கரையில் இதற்கு நல்ல தமிழ்ச் சொல் புழக்கத்தில் இருக்கிறது: நீவாடு. நீவாடு பார்க்காமல் வலை விடுகிறவர் இல்லை. மேலே காற்று ஒரு பக்கம் அடிக்க, கீழே நீவாடு வேறு பக்கம் இழுப்பதும் உண்டு. காற்று, அலை, நீவாடு மூன்றும் மூன்று சமாச்சாரம்.

வீட்டு மின்னோட்டம் விநாடிக்கு நூறு முறை திசை மாறுகிறது; கன்னியாகுமரிக்குத் தெற்கே ஓடும் பெரிய நீரோட்டம் ஆண்டுக்கு இருமுறை மாறுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை அது மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது. வடகிழக்குப் பருவத்தில், டிசம்பர் தொடங்கிய குளிர் மாதங்களில், கிழக்கிலிருந்து மேற்கே. உலகின் பெரும்பாலான கடல் நீரோட்டங்கள் இப்படித் திரும்புவதில்லை. பருவக்காற்று ஆளும் இந்தியப் பெருங்கடலின் வடபகுதிக்கே உரிய குணம் இது.

குளிக்கப் போகிறவருக்குத் தெரிய வேண்டியது வேறு நீரோட்டம். ஆங்கிலத்தில் ரிப் கரண்ட் என்கிறார்கள். கரையை நோக்கி அலைகள் கொண்டுவந்து கொட்டும் தண்ணீர் எங்காவது திரும்பிப் போக வேண்டுமே. மணல் திட்டுகளுக்கு நடுவிலோ பாறை ஓரத்திலோ, கடலுக்குள் கல் போட்டுக் கட்டிய தூண்டில் வளைவின் பக்கத்திலோ ஒடுங்கிய வழி கிடைத்தால், அதன் வழியாகக் கடலை நோக்கிப் பாயும். அந்த இடத்தில் அலை உடையாது. நீர் கொஞ்சம் கறுத்து, அமைதியாகத் தெரியும். நுரையும் கலங்கிய மணலும் கடல் பக்கம் நகர்வதைக் காணலாம். இடமும் வலமும் அலை சீறும்போது நடுவில் ஒரு சாதுவான இடம் இருந்தால், பழக்கமில்லாதவர் குளிக்கத் தேர்ந்தெடுப்பது அதைத்தான். சிக்கலே அங்கேதான். பலமான நாளில் அதன் வேகம் விநாடிக்கு 2 மீட்டரைத் தாண்டும். ஒலிம்பிக் நீச்சல்காரருக்கே எதிர்நீச்சல் முடியாத வேகம்.

அது ஆளைக் கீழே இழுப்பதில்லை, வெளியே இழுக்கிறது. கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போட்டுக் களைத்துப் போவதால்தான் மூழ்குகிறார்கள். அதன் அகலம் பெரும்பாலும் சில பத்து மீட்டர்தான். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால் அதைவிட்டு வெளியே வந்துவிடலாம். பிறகு அலையோடு சாய்வாகக் கரைக்கு வரலாம். நீந்தத் தெரியாதவர் மல்லாந்து மிதந்து கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். காப்பாற்ற இன்னொருவர் வெறுங்கையோடு குதிக்கக் கூடாது. கயிறு, டியூப், காலி கேன் என்று மிதப்பது எதையாவது வீச வேண்டும். கள்ளக்கடல் இதிலிருந்து வேறு. அது தொலைதூரக் கடலில் கிளம்பி, இங்கே காற்றே இல்லாத நாளில் வந்து ஏறும் அலை. ஆனால் கள்ளக்கடல் நாளில் ரிப் கரண்ட்டும் பலமாகும்.

மின்சாரமும் கடலும் ஒரு விஷயத்தில் ஒன்று: ஓட்டம் எந்த வழியாகப் போகிறதோ, அந்த வழியில் நாம் நிற்காமல் இருக்க வேண்டும்.

கரண்ட் அடிப்பது

காக்கை கம்பியில் உட்கார்ந்தால் ஒன்றும் ஆகாது. அதன் இரண்டு காலும் ஒரே வோல்டேஜில் இருக்கின்றன, உயர வித்தியாசம் இல்லை, ஓட்டமும் இல்லை. நாம் தரையில் நின்றுகொண்டு பேஸைத் தொட்டால் 230 வோல்ட்டுக்கும் பூமிக்கும் நடுவே நம் உடம்பே சானலாகிறது. ஒரு மில்லியாம்பியர், அதாவது ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஓடினால் சுருக்கென்று தெரியும். 10 மில்லியாம்பியர் அளவில் தசை இறுகி, பிடித்ததை விட முடியாமல் போகும். 30ஐத் தாண்டினால் நேரம் செல்லச் செல்ல உயிருக்கு ஆபத்து. காய்ந்த தோலுக்குத் தடை அதிகம். நனைந்த உடம்பில் தடை ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கினால், 230ஐ ஆயிரத்தால் வகுத்துப் பாருங்கள்: 230 மில்லியாம்பியர். குளியலறையில் நடக்கும் விபத்து கொடியதாக இருப்பது இந்த வகுத்தலால்.

‘கொல்வது வோல்டேஜா, கரண்ட்டா?’ என்று வாதிடுகிறார்கள். உடம்பைக் கெடுப்பது கரண்ட். அதை உடம்புக்குள் தள்ளுவது வோல்டேஜ். வாதத்தில் இரண்டு பக்கமும் பாதிப் பாதி சரி.

எம்.சி.பி. இங்கே உதவாது. 16 ஆம்பியருக்கு மேல்தான் அது விழும். நமக்கு அதில் ஐந்நூறில் ஒரு பங்கே ஆபத்து. இதற்கான காவல் ஆர்.சி.சி.பி. பேஸில் போனதும் நியூட்ரலில் திரும்பியதும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். வித்தியாசம் 30 மில்லியாம்பியருக்குப் போனால் அரை விநாடிகூடக் காத்திராமல் துண்டிக்கும். மாதம் ஒருமுறை அதில் இருக்கும் ‘T’ பட்டனை அழுத்தி, விழுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒட்டிக்கொண்டு விழாத ஆர்.சி.சி.பி. சுவர் அலங்காரம்.

மாவும் சக்கை என்ற பலாவும் தென்னையும் கரண்ட் கம்பியோடு உரசி நிற்கும் ஊர் நம்முடையது. தோட்டி என்பது காய் பறிக்கும் நீளக் கொக்கிக் கம்பு. இரும்புத் தோட்டியோ அலுமினியத் தோட்டியோ எடுத்துச் சக்கை பறிக்கும்போது அது மேலே போகும் லைனில் பட்டால், தோட்டியே கம்பி ஆகிவிடும். 11,000 வோல்ட் லைன் என்றால் தொடவே வேண்டாம், நெருங்கினாலே பாயும். காய்ந்த மூங்கில் பரவாயில்லை என்று நினைப்பதும் தவறு. மழை ஈரத்தில் அதுவும் ஓடவிடும். அறுந்து விழுந்த கம்பியில் கரண்ட் ஓடாமல் இருக்கலாம், வோல்டேஜ் இருக்கும். பக்கத்தில் போகாமல் மின் அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். வீட்டுக்குள் ஒருவரைக் கரண்ட் பிடித்துவிட்டால் முதல் வேலை மெயினை அணைப்பது. அது எட்டாவிட்டால் காய்ந்த பலகைமேல் நின்று காய்ந்த கம்பால் விலக்கலாம். வெறுங்கையால் தொட்டவர் இரண்டாவது ஆளாகிவிடுவார்.

ஆங்கிலத்தில் பேசும்போது

வெளிநாட்டுக்காரரிடம் “கரண்ட் பில்” என்றால் அவர் காதில் ‘இப்போதைய பில்’ என்று விழும். ‘போன மாத பில் வேறு, இது வேறு போலிருக்கிறது’ என்று நினைப்பார். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அதை எலக்ட்ரிசிட்டி பில் என்கிறார்கள். ஓக்கி புயலுக்குப் பின் 2017 டிசம்பரில் நாள்கணக்கில் இருட்டில் கிடந்ததை “தேர் வாஸ் நோ கரண்ட்” என்று சொன்னால் இந்தியர்களுக்குப் புரியும். மற்றவர்களிடம் பவர் என்று சொல்ல வேண்டும்: “பவர் போய்விட்டது”, “பவர் கட்”. இந்தியாவுக்குள் கரண்ட் என்று பேசுவதில் தவறில்லை. அது இந்திய ஆங்கிலத்தின் சொந்தச் சொத்து.

படிவங்களில் வரும் கரண்ட் அட்ரஸ் என்பது இப்போது குடியிருக்கும் முகவரி. பெர்மனன்ட் அட்ரஸ் சொந்த ஊர். ரயில் நிலையத்தில் கரண்ட் புக்கிங் என்றால், முன்பதிவுப் பட்டியல் தயாரான பிறகு மிச்சமிருக்கும் இடங்களை அந்த நேரத்தில் கொடுப்பது. வங்கியில் கரண்ட் அக்கவுண்ட் என்பது பணம் நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும் வியாபாரிகளின் கணக்கு. எத்தனை தடவையும் போடலாம், எடுக்கலாம். சேமிப்பு நோக்கம் இல்லாததால் பொதுவாக வட்டி கிடையாது.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஏமாறக் கூடாது. டிசம்பரில் மார்த்தாண்டம் பக்கத்துப் பேக்கரிகளில் பிளம் கேக் அடுக்கும்போது, சேர்மானப் பட்டியலில் கரண்ட் என்று ஆங்கிலத்தில் கண்டால், அது ‘e’ எழுத்து வரும் இடத்தில் ‘a’ எழுத்து போட்ட வேறு சொல். சின்னக் கறுப்பு உலர்திராட்சை. கிரேக்க நாட்டுக் கொரிந்து நகரின் பெயர் பிரெஞ்சு வாயில் நசுங்கி, ஆங்கிலத்தில் அப்படி ஆனது. லத்தீன் ஓட்டத்துக்கும் அதற்கும் உறவில்லை.